ஏழு விநாடி முகம்

முதலில் மன்னிப்பு. இதற்கு முன் நான் கதை எதுவும் எழுதியதில்லை. திரைக்கலையின் கோட்பாடுகளை முறையாகக் கற்றுத் தேர்ந்த பெரியோர் பலர் இருக்க, அவற்றை ஒரு குடும்பத்து வழக்கில் வைத்துச் சொல்ல முனைவது அதிகப்பிரசங்கித்தனம் என்பதை அறிவேன். பிழை தென்பட்டால் அது சொன்ன விதத்தின் பிழை என்று பொறுத்தருள வேண்டும். இனி நான் ஒதுங்கிக்கொண்டு நீலவேணியிடம் விட்டுவிடுகிறேன்.

அன்று மாலை ஏழரை மணிக்கு, பாளையங்கோட்டையில் எல்லா வீட்டுச் சுவர்களிலும் போலவே, நீலவேணியின் வீட்டுச் சுவரிலும் ‘அன்றாடம்’ ஓடத் தொடங்கியது. பதினோரு நிமிடப் படம். நீலவேணி, அவள் கணவர் ஆறுமுகநயினார், ஐந்து வயது மகள் தேனு ஆகிய மூவரின் கழுத்தெலும்பிலும் குன்றிமணி அளவுக்கு ஒரு பார்வைமணி பதிந்திருந்தது. அணிந்தவர் எதன் முன் நிற்கிறாரோ அதை அது பகல் முழுவதும் பதிவுசெய்யும். மாலையானதும் நகரத்தின் கோவைப்பொறி மூன்று மணிகளின் பதிவுகளையும் அலசி, வேண்டியதை வெட்டி, ஒட்டி, அடியில் மெல்லிய வீணை இசையும் சேர்த்து, அந்த வீட்டின் நாளை ஒரு படமாகத் தந்துவிடும். பார்த்து முடித்த பிறகே பெரும்பாலோர் சாப்பிட உட்கார்ந்தார்கள். அன்றைக்கு என்ன நடந்தது என்று தெரியாமல் எப்படிச் சாப்பிடுவது?

அந்தப் படத்தைப் பொய்யென்று யாரும் சொல்ல முடியாது. மெய்ப்பதிவுச் சட்டம் வந்து பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒவ்வொரு காட்சித்துண்டுக்கும் ஒரு முத்திரை உண்டு. துண்டில் ஒரு புள்ளியை மாற்றினாலும் முத்திரை உடைந்துவிடும். ‘துண்டு பொய் சொல்லாது’ என்பது மூன்றாம் வகுப்புப் பாடப்புத்தகத்தின் முதல் வரி. மணமுறிவு, பணிநீக்கம், அடிதடி எதுவானாலும் ஆணையங்கள் அன்றாடத்தைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லின. நீலவேணியின் வேலையே அதுதான். மெய்ப்பதிவு ஆணையத்தின் பாளையங்கோட்டை அலுவலகத்தில் அவள் முத்திரை சரிபார்ப்பாளர். துண்டின் எண்ணை அடிப்பாள். பச்சை விளக்கு எரியும். ‘மெய்’ என்று பதிவுசெய்வாள். பதினோரு ஆண்டுகளில் ஒருமுறைகூடச் சிவப்பு எரிந்ததில்லை.

படத்தில் முதலில் தேனு தன் சாப்பாட்டு டப்பாவைப் பள்ளிக்கூடப் படியில் தவறவிட்டாள். பிறகு நீலவேணியின் பேருந்து. பிறகு மொட்டை மாடி. நீர்த்தொட்டியின் மிதவையைச் சரிசெய்ய நயினார் மாலையில் மேலே போயிருந்தார். மேல்வீட்டு ரெபேக்காள் அங்கே துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஈரத் தலைமுடியைத் துண்டில் சுற்றி, புடவையை உதறிக் கொடியில் போட்டாள்.

அடுத்து, திரை முழுவதும் நயினாரின் முகம்.

ஏழு விநாடி. கண் இமைக்கவில்லை. வாய் சற்றே திறந்திருந்தது. கடைசி விநாடியில் உதடு லேசாக அசைந்து, ஏதோ ஒரு சொல்லை ஓசையில்லாமல் சொல்லியது. உடனே ரெபேக்காள் திரும்பிச் சிரித்தாள். பிறகு தொட்டி, மிதவை, படிக்கட்டு.

நீலவேணி படத்தை நிறுத்தினாள். பின்னோக்கி ஓட்டினாள். மறுபடியும் பார்த்தாள்.

“என்னத்துக்கு நிறுத்துத?” என்றார் நயினார், தேனுவின் காலணி வாரைத் தைத்துக்கொண்டே.

“மிதவ மாட்டுறதுக்கு ரொம்ப நேரம் ஆயிட்டோ?”

“கால் மணி நேரம். ஆணி துருப்பிடிச்சுக் கெடந்துது.”

“அவகிட்ட என்ன சொன்னீய?”

“எவகிட்ட?”

“ஒதடு அசையுதுல்லா. என்ன சொன்னீய?”

நயினார் நிமிர்ந்து சுவரில் உறைந்து நின்ற தன் முகத்தைப் பார்த்தார். மின்தூக்கி பழுதுபார்ப்பவர் அவர். நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் கம்பிகளோடு தனியே இருந்து பழகியதால் பேச்சும் குறைவு, முகத்தில் வந்துபோவதும் குறைவு. “நான் அந்தப் பிள்ளய பாக்கவே இல்லயே வேணி,” என்றார்.

“துண்டு பொய் சொல்லுமா?”

அவருக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. நாட்டில் யாருக்குமே தெரியாதபோது அவரை மட்டும் குறை சொல்வது முறையாகாது.

கோவைப்பொறிக்கு வன்மம் கிடையாது. எந்த இடத்தில் பார்ப்பவர் நிறுத்திப் பார்க்கிறாரோ, எதைப் பின்னோக்கி ஓட்டுகிறாரோ, அதை விரும்புகிறார் என்று அது கணக்கில் எடுத்துக்கொள்ளும். மறுநாள் அந்த வகையைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். நீலவேணி ரெபேக்காளில் நிறுத்தினாள். ஆகவே மறுநாள் படிக்கட்டில் ரெபேக்காள் வந்தாள். அதற்கு மறுநாள் பால் வாங்கும் இடத்தில் வந்தாள். ஒவ்வொரு முறையும் பக்கத்திலேயே நயினாரின் முகமும் வந்தது: இமைக்காத கண், திறந்த வாய், கடைசியில் ஒரு சொல். நாள் செல்லச் செல்ல நீலவேணி கணவரை நேரில் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டாள். நேரில் அந்த முகத்தில் ஒன்றும் தெரிவதில்லை. மனிதர் மறைக்கிறார் என்று நினைத்தாள். ஏழரை மணிக்குச் சுவரில்தான் எல்லாம் தெரிந்தது.

பிரிந்துவிட நினைத்தவளை ஒரே ஒரு படம்தான் தடுத்து நிறுத்தியது. தேனு முதன்முதலாக நடந்த நாளின் படம். தேனு அதை வாரத்துக்கு இரண்டு முறையாவது கேட்டு அழுவாள்.

“அம்மா, நான் நடந்த படம் போடு!”

சுவரில் பதினொரு மாதக் குழந்தை நாற்காலியை விட்டுவிட்டு மூன்று எட்டு வைக்கும். அடுத்து நயினாரின் முகம்: அதே இமைக்காத கண், திறந்த வாய். கடைசியில் உதடு அசையும். “தங்கம்” என்கிறார் என்று நீலவேணிக்கு அன்றே தெரியும். அதிகம் பேசாத அந்த மனிதரிடம் அவள் நான்கு ஆண்டுகளாகக் கண்ட அன்பெல்லாம் அந்த ஒரு முகத்தில் இருந்தது. ‘பிள்ளையைப் பார்த்த அதே பார்வையில் அவளையும் பார்க்கிறாரே’ என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒன்பதாவது முறை அந்த முகம் ரெபேக்காளுக்குப் பக்கத்தில் வந்த மறுநாள், அவள் பிரிவு மனுக் கொடுத்தாள்.

விசாரணை இருபது நிமிடம் நடந்தது. விசாரணை அலுவலர் சங்கரலிங்கம் ஒன்பது படங்களையும் பார்த்தார். முத்திரைகளைச் சரிபார்க்கும் பொறுப்பு சக ஊழியர் ஒருவரிடம் தரப்பட்டது, எல்லாம் பச்சை. மகள் தாயிடம் இருக்க வேண்டும், தந்தை தனியே வசிக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. நயினார் இரண்டு பைகளுடன் கோவில்பட்டியில் தம்பி வீட்டுக்குப் போனார். போகும்போது அடுக்களை வாசலில் நின்று, “குக்கருக்கு வளையம் மாத்தியாச்சு. இனிமே வெடிக்காது. பயப்படாம வைக்கலாம்,” என்று மட்டும் சொன்னார்.

நீலவேணிக்கு அந்தப் பழைய குக்கரென்றால் பயம். மணமான புதிதில் ஒருமுறை மூடி பறந்து கூரையில் மோதியதிலிருந்து அவள் அதன் அருகே போகமாட்டாள். அடுப்பின் முன் நின்று விசிலை எண்ணுவது நயினாரின் வேலையாக இருந்தது. அவர் போன பிறகு அவள் பானையில் சோறு வடித்தாள்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில், ரெபேக்காள் கதவைத் தட்டினாள். கையில் மனுவின் நகல் இருந்தது.

“வேணிக்கா, உள்ள வரலாமா? இல்ல, வாசல்லயே வச்சு ஏசுதீயளா? எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

நீலவேணி விலகி நின்றாள்.

“இதுல எம்பேரு ஒம்பது தடவ வந்திருக்கு. ஒரு தடவயாவது எங்கிட்டக் கேட்டியளா? எங்க சர்ச்சுல ஒரு பயலும் எங்கிட்டப் பேச மாட்டேங்கான். எங்கம்மா நாசரேத்துல இருந்து போன் போட்டு, ‘ஏட்டி, லிப்டுக்காரன்தான் கெடச்சானா’ன்னு கேக்கா. போடுங்க அந்தப் படத்த. நானும் பாக்கணும்லா, எங்கிட்ட எவ்வளவு ஆசயா பாத்தாருன்னு.”

மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடிகளுக்குச் சட்டம் பொருத்துபவள் ரெபேக்காள். அதற்கு முன், திரைக்கல்லூரி மூடப்படுவதற்கு முந்தைய கடைசி வகுப்பில் படித்தவள். ஊர் முழுவதும் நாள்தோறும் படம் பார்க்கிற காலத்தில் படம் எப்படி வேலைசெய்கிறது என்று தனியே பாடம் எதற்கு என்று அரசு அந்தக் கல்லூரியை மூடியிருந்தது.

நீலவேணி மாடிப் படத்தை ஓட்டினாள். ரெபேக்காள் கன்னத்தில் கைவைத்துப் பார்த்தாள். பிறகு, அவமானத்தோடு வந்தவள் என்பதையும் மறந்து, வாய்விட்டுச் சிரித்தாள்.

“என்ன சிரிப்பு?”

“நான் துணி காயப்போட்டது சாயங்காலம் அஞ்சு மணிக்கு. எம்மூஞ்சியப் பாருங்க, ஒரு பக்கம் பூரா மேக்கு வெயிலு. இப்ப அவிய மொகத்தப் பாருங்க. வெயிலு எங்க? மேல இருந்து வெள்ள வெளிச்சம் விழுது. மொட்ட மாடில ட்யூப்லைட் போட்டு வச்சிருக்கா?”

நீலவேணி அந்த முகத்தில் படத்தை நிறுத்தினாள்.

“கோவைப்பொறிக்காரன் முன்னாடி என்னக் காட்டுதான். பெறகு ஒரு மொகத்தக் காட்டுதான். ‘இந்த மொகம் இவளப் பாக்கு’ன்னு அவன் சொல்லவே இல்ல வேணிக்கா. சொன்னது நீங்க. ரெண்டு துண்டுக்கும் நடுவுல இருக்க ஒட்டுல உக்காந்து ஒங்க மனசுதான் சொல்லிச்சு. எங்களுக்கு மொத வாரம் சொல்லிக் குடுத்த பாடம் இது. ஒரே மொகத்த ஒரு தட்டுச் சோத்துக்குப் பக்கத்துல வச்சா பசி. பாடைக்குப் பக்கத்துல வச்சா துக்கம். எனக்குப் பக்கத்துல வச்சா,” அவள் மனு நகலை ஆட்டினாள், “ஒம்பது பக்கம்.”

“துண்டு எல்லாத்துக்கும் பச்ச விழுந்திருக்கு ரெபேக்கா. நான் இந்த வேலதான் பாக்கேன்.”

“துண்டு நெசம்தான். ஆரு இல்லன்னா? நான் ஒண்ணே ஒண்ணு கேக்கேன். ஒங்க வீட்டுப் படத்துல ஒங்க மூணு பேரு மணியில பதிஞ்சதுதான வரும்? சரி. அன்னிக்கு மாடில நானும் அவியளும் மட்டும்தான். அவிய மணி என்னயப் பாத்துச்சு. அப்ப அவிய மொகத்தப் பாத்தது ஆரு?”

நீலவேணி சுவரில் நின்ற முகத்தை மறுபடியும் பார்த்தாள்.

எளிய கேள்வி. பதினோரு ஆண்டுகளாக நாளொன்றுக்கு முந்நூறு துண்டுகளுக்கு ‘மெய்’ என்று எழுதியவள் அதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவள் மட்டுமல்ல, திரையில் ஒரு முகம் தெரியும்போது, அதைப் பார்க்க அங்கே ஒரு கண் நின்றிருக்க வேண்டும் என்பதே யாருக்கும் நினைவில்லை. படம் பழகப் பழகப் பார்ப்பவர்க்குக் கண் மறைந்து காட்சி மட்டும் மிஞ்சுகிறது.

ரெபேக்காள் எழுந்தாள். “வீடு பாத்துட்டேன், தூத்துக்குடில. அடுத்த வாரம் போறேன். போறதுக்கு முன்னால கேட்டுட்டுப் போவம்னு வந்தேன்.” வாசலில் செருப்பை மாட்டும்போது ஒருமுறை திரும்பினாள். “ஒரு காபி குடுத்திருக்கலாம் நீங்க. சரி, விடுங்க.”

திங்கட்கிழமை காலை நீலவேணி அலுவலகத்தில் அந்தத் துண்டின் எண்ணை அடித்தாள். பச்சை விளக்கு எரிந்தது. பக்கத்தில் சிறிய எழுத்தில் ‘முன்பே சரிபார்க்கப்பட்டது’ என்று வந்தது. அந்தச் சொற்களை அவள் ஆயிரக்கணக்கான முறை பார்த்திருக்கிறாள். ஒரு துண்டை ஒருமுறை சரிபார்த்தால் போதும் என்பது விதி; ஆகவே அந்தச் சொற்கள் வந்தால் வேலை மிச்சம் என்று அடுத்த எண்ணுக்குப் போவதே அலுவலக வழக்கம். முன்பே என்றால் எப்போது, ஒரு மாலையின் முகம் முன்பே எப்படி வந்தது என்று அந்த அறையில் இருந்த பன்னிரண்டு பேரில் ஒருவரும் கேட்டதில்லை.

அவள் துண்டின் மூலத்தைத் திறந்தாள். உரியவர்: நீலவேணி. அவளுடைய பார்வைமணி. நாள்: நான்கு ஆண்டுகளுக்கு முன், தேனு நடப்பதற்கு ஒரு மாதம் முன்பு. முழு நீளம்: நான்கு நிமிடம் பத்து விநாடி.

முழுத்துண்டை ஓட்டினாள். ஒலியும் இருந்தது. கோவைப்பொறி படத்தை மாற்றக் கூடாது என்றுதான் சட்டம். ஒலியை நீக்க அதற்கு அனுமதி உண்டு.

அடுக்களை. மேலே குழல்விளக்கு. அடுப்பின் மீது குக்கர். நயினார் அதன் முன் நிற்கிறார். கையில் ஒன்றுமில்லை, செய்வதற்கும் ஒன்றுமில்லை. குக்கர் சீறத் தொடங்கி அடங்குகிறது. அவர் அசையவில்லை. முதல் விசில். உதடு அசைகிறது: “ஒண்ணு.” நெடுநேரம் கழித்து இரண்டாவது. “ரெண்டு.” பிறகு வாய் சற்றே திறந்து, கண் இமைக்காமல், அவர் ஏழு விநாடி காத்திருக்கிறார். விசில்.

“மூணு,” என்றார் நயினார். அடுப்பை அணைத்தார்.

தங்கமும் இல்லை, ரெபேக்காளும் இல்லை. மூணு.

நீலவேணி சிரித்தாள் என்றுதான் சக ஊழியர்கள் பின்னர் சொன்னார்கள். துண்டு எத்தனை படங்களில் வந்திருக்கிறது என்று கேட்டாள். அறுபத்தொன்று. அவள் தாயின் சடலத்தருகே ஒருமுறை. அன்று அவர் முகத்தில் அவ்வளவு துக்கம் கண்டு அவள் ஆறுதல் அடைந்திருந்தாள். தீபாவளிப் பாயசத்துக்குப் பக்கத்தில் நான்கு முறை. மழையைப் பார்த்து, மகனைப் பறிகொடுத்த நண்பரைப் பார்த்து, மின்கட்டணத்தைப் பார்த்து. ரெபேக்காளைப் பார்த்து ஒன்பது. பட்டியலின் முதல் வரியில், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால், தேனு நடந்த படம் இருந்தது.

பொறியின் விதிநூலில் காரணமும் இருந்தது. ஆரம்ப நாட்களில் அன்றாடம் சுவையாக இல்லை என்று மக்கள் குறைப்பட்டார்களாம். நிகழ்ச்சி தெரிகிறது, அதைப் பார்க்கும் முகம் தெரியவில்லை என்றார்களாம். ஆகவே எங்கெல்லாம் முகம் பதிவாகவில்லையோ, அங்கெல்லாம் அந்த வீட்டின் சேமிப்பிலிருந்து பொருத்தமான ஒன்றை இடும்படி பொறிக்குச் சொல்லப்பட்டது. அதற்கு ‘எதிர்முகம்’ என்று பெயர். எல்லாவற்றுக்கும் பொருந்துவது, எதையும் சொல்லாத முகம்தான் என்று பொறி தானே கற்றுக்கொண்டிருந்தது.

அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது. கணவரைக் காப்பாற்ற வேண்டுமானால் அந்த முகம் ஒன்றுமில்லை என்று நிரூபிக்க வேண்டும். ஒன்றுமில்லை என்றால் எங்குமே ஒன்றுமில்லை. மகள் நடந்த படத்திலும் ஒன்றுமில்லை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட முடியாது, துண்டு ஒன்றுதான்.

மூன்று நாள் அவள் ஒன்றும் செய்யவில்லை. நான்காம் நாள் மறுவிசாரணை மனுவை எழுதினாள்.

“நாலு நிமிஷமா ஒரே ஆளு நிக்காரே அம்மா,” என்றார் சங்கரலிங்கம். முழுத்துண்டு மன்றத்தின் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. வெட்டில்லாமல் ஒரு காட்சியை இவ்வளவு நேரம் பார்த்து அவருக்குப் பழக்கமில்லை. இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார், ஒருமுறை கொட்டாவி விட்டார். “இதுல எதப் பாக்கச் சொல்லுதீங்க?”

“அதத்தான் ஐயா. இதுல பாக்க ஒண்ணும் இல்ல.”

பிறகு அவள் தானே கோத்து வந்த நான்கு சிறு படங்களைக் காட்டினாள். ஒரு தட்டுச் சோறு, முகம். “நல்ல பசி போல,” என்றார் அவர். சடலம், முகம். அவர் உச்சுக்கொட்டினார். ரெபேக்காள், முகம். “இதத்தான் நான் அன்னிக்கே பாத்தேனே.” நடக்கும் குழந்தை, முகம். அவர் தம்மை அறியாமல் புன்னகைத்து, “தகப்பன்னா தகப்பன்தான்,” என்றார்.

“நாலும் ஒரே துண்டு ஐயா. மூணாவது விசிலுக்குக் காத்திருக்காங்க.”

சங்கரலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அப்ப முத்திர பொய்யா?”

“முத்திர மெய்தான். துண்டும் மெய்தான். ஒட்டுக்கு முத்திர கிடையாதுங்க. இத்தன வருஷம் நாம தீர்ப்புச் சொன்னது எல்லாம் ஒட்டப் பாத்துத்தான்.”

“அம்மா,” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி, “எங்க வீட்டுப் படத்துல எங்க வீட்டம்மா மொகம் அடிக்கடி ஒண்ணு வரும். ரொம்பக் கனிவா இருக்கும். அத… பாக்க முடியுமா, எங்க இருந்து வந்ததுன்னு?” பிறகு அவரே அவசரமாகக் கையை அசைத்தார். “வேண்டாம். விடுங்க. உத்தரவ எழுதிருவோம்.”

பிரிவு உத்தரவு விலக்கப்பட்டது. எதிர்முகங்களைக் கொண்டு தீர்க்கப்பட்ட வழக்குகளை மறுபடி பார்க்க வேண்டும் என்றும், ஒரு முகத்தை ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்றும் ஆணையம் விதிசெய்தது. நல்ல விதி. ஆனால் அன்றாடத்தில் முகம் இல்லாமற்போவதை மக்கள் ஒப்பவில்லை. இரண்டே வாரத்தில் பதினாயிரம் முறையீடுகள் வந்தன. ஆகவே ஒவ்வொருவரும் ஆண்டுக்கொரு முறை அலுவலகத்துக்கு வந்து, மகிழ்ச்சி, கவலை, பரிவு, வியப்பு என நாற்பது முகங்கள் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று துணைவிதி ஒன்று சேர்க்கப்பட்டது. அவையும் முத்திரையிடப்படும். கொடுத்த முகங்களும் மெய்தானே.

வழக்குக்குக் காரணமானவர் என்பதால் நயினாருக்கு முதல் நாளே அழைப்பு வந்தது. கோவில்பட்டியிலிருந்து வந்து, வெள்ளைத் துணியின் முன் நாற்காலியில் உட்கார்ந்தார். நீலவேணி கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றாள்.

“மகள் முதல் பரிசு வாங்குறாங்கன்னு நினைச்சுக்கோங்க சார். இங்க பாருங்க,” என்றாள் பதிவுசெய்யும் பெண்.

நயினார் பார்த்தார். முகத்தில் ஒன்றும் வரவில்லை.

“சார், இது மகிழ்ச்சி.”

“மகிழ்ச்சியாத்தான் இருக்கேன் அம்மா.”

“சரி, கவலை. மகளுக்குக் காய்ச்சல்.”

அதே முகம். ஆறாவது முகத்துக்குப் பிறகு அந்தப் பெண் எழுதுகோலை வைத்துவிட்டு, “நாளைக்கு வாங்க சார். கண்ணாடி முன்னால கொஞ்சம் பழகிட்டு வாங்க,” என்றாள். வரிசையில் நின்றவர்கள் தத்தம் கைபேசியில் பரிவைப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். மதியம்; வெயில் இலை வழியே அவர் முகத்தில் விழுந்து அசைந்தது. நூற்றுப் பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகு அவள் அவரை இவ்வளவு அருகில் பார்க்கிறாள்.

“ஒண்ணு கேக்கவா?” என்றாள். “தேனு மொதல்ல நடந்தப்ப நீங்க எங்க இருந்தீய?”

“ஒனக்குப் பின்னாடிதான். வாசக்கால்ல.”

“எம்மணில பதியல்ல.”

“நீ பிள்ளயப் பாத்துக்கிட்டு இருந்தே. எம்மணியும் பிள்ளயத்தான் பாத்துது. பெறகு யாரு மணில பதியும்?”

“என்ன பண்ணினீய அப்ப?”

நயினார் மடியில் விழுந்த வேப்பிலையைத் தட்டிவிட்டார். பிறகு, “அழுதேன்,” என்றார்.

நீலவேணி சட்டென்று திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். கண் இமைக்கவில்லை. வாய் சற்றே திறந்திருந்தது. அதே முகம், அறுபத்தொரு முறை பார்த்த முகம். பக்கத்தில் ஒட்டிப் பார்க்க வேறு ஒன்றும் அங்கே இல்லை. பதினோரு ஆண்டு வழக்கத்தில் அவள் கண் தன்போக்கில் அவர் தோளுக்கு மேலே, பச்சை விளக்கு எரியும் இடத்தைத் தேடியது.

“நம்பலல்லா,” என்றார் அவர். குற்றம் சாட்டும் குரல் இல்லை.

“நம்புதேன்,” என்றாள் அவள், கொஞ்சம் தாமதித்து. தன் முகம் அந்த நேரத்தில் எப்படி இருந்திருக்கும் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அவர் மணி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“சாயங்காலம் பையத் தூக்கிட்டு வாரேன். அரிசியக் களஞ்சு வையி. விசில நான் பாத்துக்கிடுதேன்.”

அவர் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார். அவள் அலுவலகத்துக்குள் திரும்பினாள். விலக்கப்பட்ட உத்தரவு ஒவ்வொன்றுக்கும் மனுதாரர் ‘இழப்பு விவரம்’ என்ற படிவத்தைத் தர வேண்டும் என்பது விதி. அவள் தன் மேசையில் உட்கார்ந்து, தெளிவான கையெழுத்தில், கேட்ட வரிசைப்படி எழுதினாள்.

கணவர் வீட்டில் இல்லாத நாட்கள்: நூற்றுப் பன்னிரண்டு.

மேல்வீட்டு ரெபேக்காள்: வீடு மாறிப் போய்விட்டார். காபி கொடுக்கவில்லை.

என் முத்திரையால் முடிந்து, மறுபரிசீலனைக்குச் சென்றுள்ள வழக்குகள்: நானூற்றுப் பதினாறு.

என் தாயின் சாவில் கணவரின் துக்கம்: ஏழு விநாடி.

மகள் நடந்த படம்: ஏழு விநாடி குறைவு. மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

மகள் நடந்ததைத் தந்தை பார்த்த பார்வை: பதிவாகவில்லை.